பட்டினி மண்ணின் பூக்கள்

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான கோசியஸ்கோவின் உயரம் 2,228 மீட்டர். நம் உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. ஒரு கண்டத்தின் உச்சியைவிட நம் மலைநகரம் ஒன்று சற்றே உயரம் என்பது கேட்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால், அந்தச் சிகரம் ஆண்டில் பல மாதங்கள் பனிப்போர்வைக்குள் கிடக்கிறது. உதகையிலோ மார்கழி, தை மாதங்களின் அதிகாலை உறைபனி வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. குளிரைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமன்று, நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதும்தான். ஏற்காட்டின் பாதி உயரம்கூட இல்லாத, சுமார் 580 மீட்டரில் இருக்கும் கான்பரா நகரில் 1971 ஜூலை மாதத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 பாகை வரை இறங்கியது. அதே நகரில் 2020 ஜனவரி 4 அன்று 44 பாகை வெப்பம் பதிவானது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே ஒரு செடி உயிர் பிழைக்க வேண்டும்.

அந்த நகரில் பல ஆண்டுகளாகத் தோட்டம் போட்டு வருபவன் நான். ஆஸ்திரேலியாவுக்கே உரிய, அதிலும் கடைகளில் எளிதில் கிடைக்காத புதர்ச்செடிகள் மீதுதான் என் நாட்டம். ‘சொந்த மண்ணின் செடிதானே, வைத்துவிட்டால் தானாக வளர்ந்துவிடும்’ என்று பலரும் சொல்வார்கள். ஆஸ்திரேலியர்களே அப்படி நம்பித்தான் 1970-களில் புல்வெளியைக் கொத்திப் போட்டுவிட்டு யூகலிப்டஸையும் வாட்டிலையும் நெருக்கி நட்டார்கள். பத்தாண்டுகளில் தோட்டம் காடாகி, அடிப்பகுதி காய்ந்த குச்சிகளாகி, மறுபடியும் ரோஜாவுக்கே திரும்பினார்கள். ‘ஆஸ்திரேலியச் செடி’ என்று ஒன்று கிடையாது என்பதுதான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம். பெர்த் நகரின் மணலில் செழிக்கும் செடியும், குயின்ஸ்லாந்து மழைக்காட்டுச் செடியும், டாஸ்மானியாவின் சதுப்பில் நிற்கும் செடியும் ஒரே கடவுச்சீட்டை வைத்திருப்பதால் ஒரே பாத்தியில் வாழ்ந்துவிடாது. கன்னியாகுமரியின் தென்னையைக் காஷ்மீரில் நட்டு, ‘இந்தியச் செடிதானே’ என்று சொல்வதைப் போன்றதுதான் அது.

அடுத்தது மண். ஆஸ்திரேலியாவின் நிலப்பரப்பில் பெரும்பகுதி மிகப் பழைமையானது. எரிமலைகள் புதிய பாறைக்குழம்பைக் கொட்டியதும், பனியாறுகள் பாறையை அரைத்துப் புது மண் தந்ததும் பிற கண்டங்களோடு ஒப்பிட்டால் அங்கே குறைவு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் அரித்துக் கரைந்த அந்த மண்ணில் மிகவும் அருகிப்போன சத்து, நம் உழவர்கள் மணிச்சத்து என்று அழைக்கும் பாஸ்பரஸ். அந்தப் பட்டினிக்குப் பழகிப்போன செடிகள் தமக்கென ஒரு வழியைக் கண்டுகொண்டன. பாங்க்சியா, கிரெவில்லியா, ஹேக்கியா, வாரட்டா ஆகியவை அடங்கிய புரோட்டியேசி குடும்பத்தின் செடிகளைத் தோண்டிப் பார்த்தால், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே புட்டித் தூரிகை போல நெருக்கமான சிறு வேர்கள் கொத்துக்கொத்தாக இருக்கும். இந்தக் கொத்துவேர்கள் சிட்ரிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களை மண்ணில் கசியவிட்டு, இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து உறிஞ்சுகின்றன. ஒரு துளியையும் விடாத இந்தச் சிக்கனம்தான் தோட்டத்தில் அவற்றுக்கு எமனாகிறது. உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாத செடி அது. சூப்பர் பாஸ்பேட்டோ டி.ஏ.பி.யோ கோழி எருவோ கைநிறையப் போட்டால், கிடைத்த அனைத்தையும் இழுத்துக்கொள்ளும். சில வாரங்களில் இளம் இலைகள் வெளிறும், இலை ஓரங்கள் கருகும், பிறகு செடியே போய்விடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் நான் மீண்டும் மீண்டும் காண்பது இதைத்தான். வீட்டைச் சுற்றியுள்ள இடத்தில் முருங்கைக்கு ஆசைப்பட்டு, அது உறைபனியில் கருகியபின், பூச்செடிக்கு மாறுவார்கள். நாற்றுப்பண்ணையில் அழகாகப் பூத்து நிற்கும் கிரெவில்லியாவை வாங்கி வந்து, ஊரில் பெற்றோர் செய்ததைப் போலவே குழியில் எருவிட்டு, தண்ணீர் ஊற்றி, அன்போடு நடுவார்கள். நம் நாட்டில் அன்பின் அளவு எருவின் அளவு. இந்தச் செடிகளிடம் அந்தக் கணக்கு செல்லாது. குழியில் எதுவும் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால், மணிச்சத்து குறைந்தது என்று பையிலேயே குறிப்பிட்டு விற்கும் உரத்தை வசந்தகாலத்தில் ஒரு சிட்டிகை தூவினால் போதும். முன்பு காய்கறி போட்ட பாத்தியில் பாங்க்சியா நடுவதையும் தவிர்க்க வேண்டும். பல ஆண்டுகள் முன்பு போட்ட மணிச்சத்துகூட மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. ஆனால், எல்லா ஆஸ்திரேலியச் செடிகளுக்கும் இந்த ஒவ்வாமை உண்டு என்பதும் தவறு. கொரியாவும் புதினாப் புதரும் மிதமான எருவைத் தாங்கும். நோயாளியைப் பார்க்காமல் மருந்தெழுதும் பழக்கம் தோட்டத்துக்கு உதவாது.

கான்பராவின் புறநகர் வீடுகளில் மேல்மண் ஒரு சாண்கூட இராது. அதற்குக் கீழே மழைக்காலத்தில் பிசைந்த மாவாகவும் கோடையில் செங்கல்லாகவும் இருக்கும் களிமண். வேர் அழுகலை உண்டாக்கும் ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர்க்கு இப்படித் தண்ணீர் தேங்கும் மண் கொண்டாட்டம். பூஞ்சையைப் போலத் தோன்றினாலும் அது பூஞ்சையன்று. நீரில் நீந்திப் பரவும் வேறொரு வகை உயிர். தாக்கப்பட்ட செடி தண்ணீர் இல்லாததைப் போலவே வாடும். வளர்ப்பவரோ மேலும் தண்ணீர் ஊற்றுவார். முடிவு விரைவில் வரும். ஆகவே குழி தோண்டி நடுவதற்குப் பதிலாக, முழங்கால் உயரத்துக்கு மண்ணும் கரடுமணலும் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நடுவதே பாதுகாப்பு. களிமண்ணைக் கொஞ்சம் பொலபொலப்பாக்க ஜிப்சம் உதவும். பிறகு மரச்சீவல் மூடாக்கு, நான்கு விரல் கனத்துக்கு. செடியின் அடித்தண்டைத் தொடாமல். தொட்டியில் பெரிதாக வளர்த்து விற்கும் செடியைவிட, விரல் நீளக் குழாயில் விற்கும் சிறு நாற்றே மேல். அதன் வேர் சுருண்டிருக்காது. இரண்டே ஆண்டுகளில் பெரிய செடியை எட்டிப்பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைகளுக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். ‘வறட்சி தாங்கும் செடி’ என்ற விளம்பரம் வேர் இறங்கிய பிறகே உண்மையாகும்.

உறைபனியைப் பற்றி ஒரு சொல். தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து செல்கிறான். ஆகவே அங்கே வெயில் வாங்கும் சுவர் வடக்குப் பார்த்த சுவர். பகலில் வாங்கிய வெப்பத்தைச் செங்கல் இரவில் விடுவதால், அந்தச் சுவரோரம் இரண்டு மூன்று பாகை கூடுதலாக இருக்கும். குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு வழியும். தோட்டத்தின் தாழ்ந்த மூலைதான் முதலில் வெண்மையாகும். பலருக்குத் தெரியாத செய்தி, உறைந்த இலையைக் கொல்வது பல நேரங்களில் இரவின் குளிரைவிட, விடிந்ததும் அதன்மேல் சடாரென விழும் கிழக்கு வெயில்தான். மெதுவாக உருகும் இலை பிழைக்கும். மென்மையான செடிகளைக் கிழக்கு மறைவில், ஒரு மரத்தின் கிளை விரிப்புக்குக் கீழே வைத்தால் பாதிக் கவலை தீரும்.

இனி செடிகளுக்கு வருகிறேன். எனக்கு ஒரேயொரு இனத்தைத்தான் வளர்க்க அனுமதி என்றால், நான் கொரியாவைத் தேர்ந்தெடுப்பேன். நாட்டின் பெயரன்று, போர்ச்சுகல் நாட்டுத் தாவரவியலாளர் ஜோசே கொரேயா ட செர்ராவின் நினைவாக இடப்பட்ட பெயர். நம் கறிவேப்பிலை, வில்வம், எலுமிச்சை ஆகியவை அடங்கிய ரூட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது அது. இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு மூக்குக்குத் தெரிந்துவிடும். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஊசித்துளைகளைப் போல மின்னும். இடுப்பளவுப் புதர். நீண்ட மணிகளைப் போலத் தொங்கும் பூக்கள்; சிவப்பு, நுனியில் பச்சை, சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் வெறும் பச்சை. இவை பூப்பது இலையுதிர்காலத்தின் கடைசியிலும் கடுங்குளிரிலும். தோட்டத்தில் வேறெதுவும் பூக்காத ஜூன், ஜூலை மாதங்களில், நீண்டு வளைந்த அலகுடைய சிறு தேனுண்ணிப் பறவை ஒன்று மலைகளின் குளிரிலிருந்து கீழிறங்கி நகரத் தோட்டங்களுக்கு வருகிறது. தலைகீழாகத் தொங்கும் மணிக்குள் அது அலகை நுழைத்துத் தேன் குடிப்பதைப் பார்த்தால் நம்மூர்த் தேன்சிட்டு என்றே நினைப்பீர்கள். ஆனால், இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. ஒரே தொழில் செய்யும் இரு குலத்தவரின் கருவி ஒன்றுபோல ஆகிவிட்டது, அவ்வளவே.

கொரியாவில் 11 இனங்கள் உண்டு. அவற்றுள் கிளை மாறியும் கலந்தும் உருவான தோட்ட வகைகள் பல. கான்பரா நகரின் நூற்றாண்டையொட்டி 2013-இல் ‘கான்பரா பெல்ஸ்’ என்ற பெயரில் ஒரு கொரியா அறிமுகமானது. அதைவிட எனக்கு விருப்பமானது, நியூ சவுத் வேல்ஸின் தென்கடற்கரைக் காடுகளில் மட்டும் வாழும் கொரியா பாயர்லெனி. பச்சை மணியின் மேல்நுனியில் புல்லிவட்டம் தட்டையாக விரிந்து சமையற்காரரின் தொப்பியைப் போலிருப்பதால், அங்கே அதைச் ‘சமையற்காரர் தொப்பி’ என்றே அழைக்கிறார்கள். கடற்கரையோரத்தது என்றாலும் மர நிழலில் வைத்தால் கான்பராவின் பனியைத் தாங்கிக்கொள்கிறது. காய்ந்த நிழலில், பெரிய மரங்களின் வேருக்கு நடுவே, வேறெந்தப் பூச்செடியும் மறுக்கும் இடத்தில் பூக்கும் செடி இது. பூத்து முடிந்ததும் நுனியைக் கிள்ளி இலேசாகக் கவாத்து செய்தால் அடர்த்தியாகும். கோடை முடிவில் பாதி முற்றிய தண்டை விரல் நீளத்தில் வெட்டி மணலில் ஊன்றினால் எளிதாக வேர் பிடிக்கும்.

வாரட்டாவின் கதை வேறு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மலராக 1962-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் செடி, தொலைவிலிருந்தே கண்ணைப் பறிப்பது என்பதால் கிரேக்கத்தில் ‘தெலோபியா’ என்று பெயர் பெற்றது. வாரட்டா என்பது சிட்னிப் பகுதி முதற்குடியினர் வைத்த பெயர். உள்ளங்கையளவு செந்நிறப் பூங்கொத்து, ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்த தண்டின் நுனியில். அடியில் கிழங்கு போன்றதொரு முண்டு இருப்பதால் காட்டுத்தீயில் மேற்பகுதி கருகினாலும் மறுபடி துளிர்க்கும். இவ்வளவு வலிமை பெற்ற செடி களிமண் தோட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். சிட்னியின் மணற்கல் சரிவுகளுக்குப் பழகியது அது. இந்த இனத்தோடு போராடுவதைவிட, அதன் உறவினர்களை நாடுவது அறிவுடைமை. வாரட்டாவில் மொத்தம் 5 இனங்கள். கான்பராவுக்குக் கிழக்கே பிரெய்ட்வுட் ஊருக்கு அருகில், மோங்கா என்ற குளிர்ந்த ஈரக்காட்டில் வளரும் மோங்கா வாரட்டாவின் பூ சற்றுச் சிறியது, தளர்வானது. ஆனால் குளிரும் அரைநிழலும் அதற்குத் தாய்வீடு. இந்த இரண்டு இனங்களையும் கலந்து கான்பரா தாவரவியல் தோட்டத்தில் உருவாக்கப்பட்ட ‘பிரெய்ட்வுட் பிரில்லியன்ட்’ உறைபனிக்கு அஞ்சாதது. டாஸ்மானியாவின் வாரட்டா பனி பெய்யும் மலைச்சரிவில் வாழ்வது. அதற்குக் குளிர் பிரச்சினையன்று, கான்பராவின் வறண்ட கோடைதான் பிரச்சினை. குளிர்நாட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குளிர்காலத்தையே பேசுவார்கள். நான் கண்டவரை, மலைச்செடிகளைக் கொல்வது ஜனவரி மாதத்து மேற்குக் காற்று.

அந்தக் காற்றுக்கு மறைவாக, வீட்டின் தெற்குப் பக்கத்து ஈர நிழலில் வைக்க வேண்டிய செடி மலைமிளகு. டாஸ்மானியாவிலும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மலைகளிலும் வளரும் இந்தப் புதருக்கும் நம் மிளகுக்கொடிக்கும் உறவில்லை. பூக்கும் தாவரங்களில் மிகத் தொன்மையான விண்டரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. பிற மரங்களில் தண்ணீரை ஏற்றும் அகன்ற குழல்கள் இதன் கட்டையில் இல்லை. இலையும் பழமும் காரம். அந்தக் காரம் பிப்பரின் தருவதன்று, பாலிகோடியல் என்ற வேறொரு பொருள் தருவது. வாயில் போட்டதும் முதலில் இனிப்பாக, மணமாக இருக்கும். சில நொடிகள் கழித்துத்தான் சுர்ரென்று ஏறும். தண்டு கருஞ்சிவப்பு, இலை பளபளக்கும் கரும்பச்சை, பழம் கருமை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால் இரண்டும் இருந்தால்தான் பழம் கிடைக்கும். தண்டுப்போத்திலிருந்து வளர்த்து, ஆண், பெண் என்று குறித்து விற்கும் பண்ணையில் வாங்குவதே வழி. உலர்ந்த பழத்தை ரசத்தில் தட்டிப்போட்டால் ரசம் செந்நிறமாகிவிடும். விருந்தினர் முதலில் தயங்குவார்கள். பிறகு இரண்டாவது முறை கேட்பார்கள். நம் மிளகில் பாதியளவு போட்டாலே போதும்.

இதுவரை சொன்னவை ஆசைக்கு வளர்ப்பவை. கடமைக்கு வளர்க்க வேண்டியவையும் உண்டு. கான்பராவுக்கு வடமேற்கே, வீ ஜாஸ்பர் என்ற சிற்றூரையும் பரின்ஜக் அணையையும் ஒட்டிய சுண்ணாம்புப் பாறைகளில் மட்டும் ஒரு கிரெவில்லியா இருக்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. ‘வீ’ என்றால் ஆங்கிலத்தில் சிறியது. ‘ஜாஸ்பர்’ ஒரு மணிக்கல். தாவரவியலாளர் அதை அப்படியே இலத்தீனில் ‘சிறு ஜாஸ்பர்’ என்று பொருள்பட, கிரெவில்லியா ஐயாஸ்பிகுலா என்று பெயரிட்டார். அறிவியல் பெயர்களில் இப்படி நகைச்சுவை அரிது. வெளிர்பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சிலந்தியைப் போன்ற பூக்கள், கடுங்குளிரில் தொடங்கி வசந்தம் வரை. ஆடுகள் மேய்ந்தும், களைகள் நெருக்கியும் காட்டில் அருகிவிட்ட இந்தச் செடி, தோட்டத்தில் எந்தத் தொல்லையும் தராமல் வளர்கிறது என்பதுதான் வேடிக்கை. சுண்ணாம்புக்குப் பழகியதால், கட்டடச் சிமெண்ட் கசிவால் காரத்தன்மை ஏறிய வீட்டோர மண்ணையும் அது தாங்கும்.

அப்படியானால் எல்லோரும் ஆளுக்கொன்று நட்டுவிட்டால் இனம் பிழைத்துவிடுமா? இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லும் தோட்டக்காரர்களோடு நான் உடன்படுவதில்லை. கடைகளில் விற்கும் செடிகள் பெரும்பாலும் ஒரே தாய்ச்செடியின் போத்துகள். ஆயிரம் தோட்டங்களில் ஆயிரம் செடி இருந்தாலும் மரபணுக் கணக்கில் அது ஒரே செடி. பல்வேறு தாய்ச்செடிகளிலிருந்து போத்தும் விதையும் சேகரித்து, எது எங்கிருந்து வந்தது என்ற பதிவோடு வளர்ப்பதுதான் பாதுகாப்பு. அதைச் செய்யவல்லது ஒரு நிறுவனம். கான்பராவின் பிளாக் மவுண்டன் சரிவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியத் தாவரவியல் தோட்டம் அதற்கென்றே இருப்பது. 1949-இல் பிரதமர் பென் சிஃப்லி முதல் மரத்தை நட்டார். 1970-இல் பிரதமர் ஜான் கார்ட்டன் திறந்துவைத்தார். ஆஸ்திரேலியத் தாவரங்களை மட்டுமே வளர்க்கும் அங்கே 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன; தேசிய விதை வங்கியும் அங்கேதான் இருக்கிறது. வறண்ட சரிவின் நடுவே ஒரு பள்ளத்தில் செயற்கை மூடுபனி பாய்ச்சி மழைக்காடே வளர்த்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டக்காரரின் பங்கு இதற்கு அடுத்தபடி: ஒரு செடியைக் கண்ணால் பார்த்து, பெயர் தெரிந்து, அதன் காடு எங்கே என்று கேட்கத் தொடங்குபவர்களைப் பெருக்குவது. 2019-20 கோடையின் தீயில் கான்பராவை அடுத்த நமாஜி தேசியப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்தபோது, எந்தச் செடி போயிற்று, எது திரும்பத் துளிர்க்கும் என்று தெரிந்துகொள்ளத் துடித்தவர்களில் பலர் இத்தகைய தோட்டக்காரர்கள்.

மரபணுவைப் பற்றிப் பேசும்போது டாஸ்மானியாவின் ஓர் அதிசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீவின் தென்மேற்குக் காட்டில், அங்கே வாழ்ந்த டெனி கிங் என்பவர் கண்டறிந்ததால் ‘கிங்ஸ் லொமேஷியா’ என்று அழைக்கப்படும் புதர் இருக்கிறது. சில நூறு தண்டுகள். அனைத்தும் ஒரே செடியின் கிளைகள். மூன்று மடங்கு குரோமோசோம் தொகுதி கொண்டதால் பூக்கும், காய்க்காது. விழுந்த கிளை வேரூன்றி, அது விழுந்து மற்றொன்று வேரூன்றி இதுநாள்வரை தொடர்கிறது. அதே இலையமைப்பு கொண்ட படிம இலைகள் அருகிலேயே கிடைத்தன. அவற்றின் வயது குறைந்தது 43,600 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். ஹோபார்ட்டின் தாவரவியல் தோட்டத்தில் போத்துகள் மூலம் இதைப் பாதுகாத்து வருகிறார்கள். வீட்டில் வளர்க்கும் செடியன்று இது. பார்க்கக் கிடைத்தாலே பெரிது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் செடிகள்தான் உலகச் சந்தையில் பேர்பெற்றவை; செந்நிறப் பாங்க்சியாவின் படத்தைப் பார்த்தவர் வாங்காமல் இருக்க மாட்டார். ஆனால், மழைக்காலக் குளிரும் வறண்ட கோடையும் மணலும் சேர்ந்த அந்த நிலத்தின் செடிகளுக்குக் கிழக்கின் கோடைமழையும் களிமண்ணும் ஒத்துக்கொள்வதில்லை. இதற்கு ஒட்டுக்கட்டுதலே விடை. மாமரத்துக்கு நம்மவர்கள் செய்வதுதான். புதினாவும் துளசியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த புரோஸ்டாந்தெரா என்னும் புதினாப் புதரை, கடற்கரையில் முரட்டுத்தனமாக வளரும் வெஸ்ட்ரிஞ்சியாவின் மேல் ஒட்டினால் வேரழுகல் தொல்லை தீருகிறது. அரிய கிரெவில்லியாக்களை ஒட்ட வேர்ச்செடியாகப் பயன்படுவது எது தெரியுமா? வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைக்கு நடுவே, ஏற்காட்டில் காப்பிக்கு நடுவே வரிசையாக நிற்கிறதே, நாம் சில்வர் ஓக் என்று அழைக்கும் மரம், அதுவேதான். அதன் பெயர் கிரெவில்லியா ரொபஸ்டா. ஓக் மரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குயின்ஸ்லாந்துக் காட்டு மரம். 350-க்கும் மேற்பட்ட கிரெவில்லியா இனங்களுள் மரமாக ஓங்கி வளர்ந்து, நம் நாட்டில் நிழல்தரப் போன பிள்ளை அது.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர்க்குத் தீ ஆசிரியர். வாட்டில் விதையின் ஓடு கெட்டி. கொதிநீரை ஊற்றி ஓரிரவு ஊறவிட வேண்டும். சூபாபுல் விதைக்கு நம் உழவர்கள் செய்யும் அதே முறை. பாங்க்சியாவின் மரம் போன்ற காயை அடுப்பில் சூடேற்றினால்தான் வாய் திறக்கும். வேறு பலவற்றுக்குச் சூடு போதாது, புகை வேண்டும். புகையில் எந்தப் பொருள் விதையை எழுப்புகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2004-இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது புகையைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் விற்கிறார்கள். தீயின் நண்பர்களான இந்தச் செடிகளில் பல, எண்ணெய் நிறைந்தவை. 2003 ஜனவரி 18 அன்று கான்பராவின் புறநகர்களில் ஏறத்தாழ 500 வீடுகள் எரிந்தன, நால்வர் மாண்டனர். சன்னலுக்குக் கீழே புதர் வளர்ப்பதை அதன்பின் யாரும் பரிந்துரைப்பதில்லை. சுவரையொட்டிச் சரளை, புதர்கள் தள்ளி, காய்ந்த குச்சிகள் கோடைக்கு முன்பே அகற்றப்பட வேண்டும்.

உதகையிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் தெரிந்தவர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு: ‘எங்கள் ஊரும் குளிர்தானே, வாரட்டா விதை கொஞ்சம் அனுப்புங்களேன்.’ நான் அனுப்புவதில்லை. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதியும் சான்றும் இன்றி விதை கொண்டுவரக் கூடாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அவர்களின் சன்னலுக்கு வெளியே நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வாட்டில் மரங்கள் இன்று நீலகிரியின், கொடைக்கானலின் புல்வெளிகளை விழுங்கி, சோலைக்காடுகளின் ஓரம்வரை வந்துவிட்டன. அவற்றை அகற்றிப் புல்வெளியை மீட்க வனத்துறை பாடுபடுகிறது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. கூட்டமண்ட்ரா, டெமோரா ஊர்களைச் சுற்றிய சிறு பகுதிக்கு மட்டும் உரிய ஒரு வாட்டில், அழகுக்காக நாடெங்கும் நடப்பட்டு, விக்டோரியா உள்ளிட்ட பகுதிகளில் களையாகிவிட்டது. நாட்டின் எல்லை செடிக்குத் தெரியாது.

நோயும் செடியோடு பயணம் செய்கிறது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த மர்ட்டில் துரு என்ற பூஞ்சை 2010 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸில் கண்டறியப்பட்டது. நம் நாவல், கொய்யா, யூகலிப்டஸ், பாட்டில் பிரஷ் அனைத்தும் அடங்கிய மர்ட்டேசி குடும்பத்தைத் தாக்குவது அது. ஆஸ்திரேலியாவின் காட்டுக் கொய்யா என்று அழைக்கப்பட்ட ரோடோமிர்ட்டஸ் சிடியாய்டிஸ், கிழக்குக் கடற்கரையில் சாதாரணமாகக் காணப்பட்ட செடி, பத்தாண்டுகளில் காட்டிலிருந்து மறையும் நிலைக்கு வந்துவிட்டது. அதன் நெருங்கிய உறவுதான் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியோரம் இளஞ்சிவப்பாகப் பூத்து, குழந்தைகள் பறித்துத் தின்னும் தவிட்டுப்பழம்.

விதை கேட்பவர்களுக்கு நான் அந்தத் தவிட்டுப்பழத்தையே நினைவூட்டுகிறேன். அதோடு, உறைபனியையும் புளித்த மண்ணையும் தாங்கி நீலகிரியின் உயரங்களில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசையும், 2018-இல் பூத்து இனி 2030-இல் பூக்க வேண்டிய நீலக்குறிஞ்சியையும். உதகையின் எத்தனை வீட்டுத் தோட்டங்களில் இவை இருக்கின்றன? ஹைட்ரேஞ்சியாவும் ஃபியூக்சியாவும் இல்லாத வேலி அங்கே அரிது. கான்பராவிலும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இதுவாகவே இருந்தது. 1957-இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலியத் தாவர வளர்ப்போர் சங்கத்தின் உறுப்பினர்கள் தம் வீட்டுக் கொல்லையில் போத்து ஊன்றி, விதை முளைக்கவைத்து, எது பிழைத்தது, எது போனது என்று ஒருவருக்கொருவர் எழுதி எழுதியே இன்றைய நாற்றுப்பண்ணைகளுக்கு வழி அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் கான்பராக் கிளை இன்றும் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், தாவரவியல் தோட்டத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் செடி விற்பனை நடத்துகிறது. வீ ஜாஸ்பர் கிரெவில்லியாவைத் தேடுவோர் வாயில் திறப்பதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடுவது நல்லது.